ஒரு பிடி ரவை

மிருதங்கத்துக்கு இரண்டு வாய். வலது வாய் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். இடது வாயைத் தொப்பி என்போம். கச்சேரிக்கு முன்னால் ஒரு பிடி ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்ப வேண்டும். அப்பினால்தான் அடிவயிற்றிலிருந்து 'தொம்' என்று பேசும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டின மாதிரி இருக்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எறிந்துவிட்டு, அடுத்த கச்சேரிக்குப் புதிதாக இன்னொரு பிடி. சமாதான காலத்தில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நான் சொல்வது யுத்த காலம்.

அப்போது நாங்கள் அண்ணா என்று கூப்பிடும் ஒரு பெரிய பாடகர், திருநெல்வேலியில் கிளம்பி மதுரை, திருச்சி, சென்னை, அப்புறம் பெங்களூர், ஹூப்ளி, பூனா, பம்பாய் என்று காரிலேயே கச்சேரி யாத்திரை போக ஏற்பாடாகியிருந்தது. ரயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. மிருதங்கத்தோடு ரயிலேறினால் யாராவது சிப்பாய் அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். அண்ணாவுக்கு வழக்கமாக வாசிப்பவருக்குக் காமாலை. அதனால் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதுவும் அரை அதிர்ஷ்டம்தான். "மெட்ராஸ் வரைக்கும் வா. அங்கே கேட்டுட்டுச் சொல்றேன், பம்பாய்க்கா, வீட்டுக்கான்னு" என்று அண்ணா சொல்லியிருந்தார்.

கார் என்றேனே தவிர, அது பாதிதான் கார். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, விசிறியைச் சுற்றிச் சூடேற்றி, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். ஊர் போய் இறங்கும்போது வித்வான்கள் வந்திருக்கிறார்களா, கொல்லர்கள் வந்திருக்கிறார்களா என்று சபாக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். டிரைவர் சைதாப்பேட்டைக்காரர். வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

செங்கல்பட்டைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. தானியத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். என் மடிசஞ்சிப் பையில் பம்பாய் வரைக்கும் காணுமளவுக்கு ரவை வைத்திருந்தேன். சாவடிக்காரர் பையை வெளியே எடுத்து, இது யாருக்கு என்றார். மிருதங்கத்துக்கு என்றேன்.

"மிருதங்கம் சாப்பிடுமா?"

சாப்பிடும் என்றேன். அவர் தன் மூட்டையை அவிழ்த்தார். ரவையை அதில் கொட்டிக்கொண்டு வெறும் பையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். முன் சீட்டில் அண்ணா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிச் சொல்லலாம்தான். ஆனால் போன யாத்திரையில் மாற்றுத் தந்தி கொண்டுவராத பிடில்காரரை நடு வழியில் இறக்கிவிட்டவர் அவர். தன் வாத்தியத்துக்குத் தீனி வைத்துக்கொள்ளத் தெரியாதவன் தன் வண்டியில் ஏறக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

விடியும்போது மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் சபாக்காரர்கள் ஒரு வீடு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் கச்சேரி. கச்சேரி நாளில் அண்ணா மௌனம். கையை ஆட்டி, போய் உன் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வா என்று சைகை காட்டினார். எனக்கு உயிர் வந்தது. மெட்ராஸில் எனக்கு மூன்று வீடு உண்டு. மூன்று வீட்டில் ஒரு பிடி ரவையா கிடைக்காது என்று நினைத்தேன்.

முதலில் ஒரு ஹோட்டலில் கேட்டுப் பார்த்தேன். பச்சை ரவை ரேஷன் சரக்கு, வெளியே தர முடியாது, வேண்டுமானால் ரவா தோசை போடுகிறேன் என்றார் கல்லாவில் இருந்தவர். அப்போதே எனக்குச் சகுனம் புரிந்திருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் இருந்தது அத்தை, என் அப்பாவின் அக்கா. அத்தை வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. அத்திம்பேர் ஆபீஸ், அத்தை அடுக்களை. போனதும் க்ஷேமம் விசாரித்தாள், கரி படிந்த என் மூஞ்சியைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தாள். ரேஷன் காலத்தில் ஒருவர் வீட்டில் போய்த் தானியம் கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. நேரே கேட்காமல், "அத்தை, ஆத்துல ரவை இருக்கோ?" என்று பேச்சுவாக்கில் போட்டேன்.

அத்தை எழுந்தாள். உள்ளே போனாள். வாணலி வைக்கிற சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே ஓடிப் பார்ப்பதற்குள் கடுகு வெடித்துவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி மிச்சமில்லாமல் கொட்டினாள். அடுத்த வாரம் ஏகாதசிக்கென்று எடுத்து வைத்திருந்த ரவை அது. அன்றைக்கு அரிசி சேர்க்க மாட்டாள், அந்த உப்புமாதான் அவளுக்கு ஆகாரம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கிளறிக்கொண்டே அவளே சொன்னாள்.

"ஏகாதசிக்கு நான் தண்ணியைக் குடிச்சுண்டு இருந்துடுவேன். என் தம்பி பிள்ளை வாய்விட்டு ஒண்ணு கேட்டு, நான் இல்லேன்னு சொல்வேனா?"

இதற்கு மேல் மிருதங்கத்துக்குத்தான் கேட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இலையில் மலை மாதிரி உப்புமாவை வைத்தாள். பெருங்காயம் தூக்கலாகப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் என் வயிறு நிறைந்தது, நெஞ்சு காலியானது. அத்திம்பேருக்கு மாலைப் பலகாரத்துக்கென்று பாதியைத் தூக்கில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் டிரைவர் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "சாமி, மாம்பலத்துல கரி டிப்போ கீது. ஏறு, போய்க்கினே உன் சொந்தக்காரங்களையும் பாத்துடலாம்" என்றார். அவருக்கும் வாசலில் உப்புமா போயிருந்தது. அதனால் வந்த பரிவு.

மாம்பலத்தில் பெரியம்மா, என் அம்மாவின் அக்கா. மாம்பலம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், தியாகராய நகர் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். பெரியப்பா பெரிய உத்தியோகம், பங்களா, வீட்டில் எதற்கும் தட்டுப்பாடு இல்லை. இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அத்தையும் பெரியம்மாவும் பேசிக்கொள்வதில்லை. என் அப்பா அம்மா கல்யாணத்தில் பெண் வீட்டாரின் காபிப் பொறுப்பு பெரியம்மாவுடையது. மாப்பிள்ளைக்கு அக்காவான அத்தை, பந்தல் நடுவில் நின்று காபி ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்தக் காபி அதற்குப் பின் ஆறவே இல்லை. நான் பிறந்து, பூணூல் போட்டு, மீசையும் முளைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒருத்தி வாசலை மற்றவள் மிதித்ததில்லை.

இந்தத் தடவை நான் கூச்சப்படவில்லை. வாசற்படி ஏறும்போதே சொல்லிவிட்டேன், மிருதங்கத்தில் ஒட்ட ஒரு பிடி பச்சை ரவை வேண்டும், இல்லாவிட்டால் என் பிழைப்பு போய்விடும் என்று. பெரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். விஷயமும் அவளுக்குப் புரிந்தது. மூட்டையில் ரவை இருக்கிறது என்றும் சொன்னாள். நான் பையை விரித்துப் பிடித்தேன்.

"சீ, பையை மடிச்சு வை. ஒரு பிடி தானியம் வாசல்ல வரவாளுக்குப் போடறது. தங்கை பிள்ளைக்கா போடுவா?" என்றாள். "அதுவும் செவ்வாய்க்கிழமை. நாளைக்குப் புதன். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பா. தட்டு, வெத்தலை பாக்கோட சீராத் தரேன். நீயே வந்து வாங்கிண்டு போகப்படாது, அது பிச்சை. உங்காத்து மனுஷா யாராவது வந்து வாங்கிக்கட்டும். அதுதான் சீர்."

எங்காத்து மனுஷா என்று அப்பா வழியில் மெட்ராஸில் இருந்தது அத்தை ஒருத்திதான். அது பெரியம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்று சாயங்காலம் கச்சேரி என்று கெஞ்சினேன். கெஞ்சும்போது வாய் தவறி, காலையில் அத்தை வீட்டில் உப்புமா சாப்பிட்டேன் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். அந்த வீட்டில் வெறும் உப்புமாவா, இந்த வீட்டில் பார் என்று ரேஷன் சர்க்கரையெல்லாம் கொட்டிக் கேசரி கிளறிவிட்டாள். முந்திரிப்பருப்பு ரவையை விட அதிகமாக இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கு எட்டிக்கொண்டே இருந்தது, கைக்குத்தான் எட்டவில்லை.

டிரைவருக்கும் கிண்ணம் நிறையக் கேசரி போயிற்று. "இன்னா சொந்தம் சாமி உன்து" என்று மனம் உருகிப்போய், அடுத்த வீடு எங்கே என்று விசாரித்து, நான் கேட்காமலே அடையாற்றுக்கு ஓட்டினார்.

அடையாற்றில் மாமா, அம்மாவின் தம்பி. இவர் மேல்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை. ஏனென்றால் மாமா இயற்கை உணவுக்காரர். அடுப்பு மூட்டுவதை விட்டுப் பல வருஷம். இவர் வீட்டில் எதைக் கேட்டாலும் அதைச் சமைத்துக் கொண்டுவர முடியாது. இவர் ஒருவரிடம்தான் பச்சையாக வாங்க முடியும் என்று கணக்குப் போட்டேன். மாமா என்னைத் தென்னை மரத்தடியில் உட்கார வைத்து, ரவை என்பது செத்த தானியம், அது வீட்டுக்குள் வந்தாலே வியாதி என்று ஆரம்பித்தார். வெயில் சாய்கிற வரைக்கும் கோதுமையின் உயிரைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது முளை கட்டிய பயறு ஒரு பொட்டலம் கொடுத்தார். டிரைவர் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு வழியில் ஒரு குதிரைக்குக் கொடுத்தார்.

மயிலாப்பூருக்குத் திரும்பினபோது பந்தலில் ஜனம் உட்கார ஆரம்பித்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஒரு தட்டி மறைவில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொப்பியைத் தட்டினேன். டின் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பம்பாய் பெரிய விஷயமில்லை. நான் ஊருக்குத் திரும்பினால் என் அப்பா திட்ட மாட்டார், எனக்காகக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டு வைத்திருந்தார், அதில் போய்ச் சேரச் சொல்வார். அதுதான் எனக்குப் பயம்.

அப்போது தட்டியை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். பட்டுப்புடவை, கையில் தூக்கு. "உங்க அண்ணாவுக்குக் குடு. நீயே கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே, அவருக்கும் பிடிக்கும்" என்று வைத்துவிட்டு, முன் வரிசையில் இடம் போய்விடும் என்று ஓடினாள். திறந்தால் அத்திம்பேரின் பங்கு உப்புமா.

உப்புமா என்றால் என்ன? ரவைதானே. வேறு வழி எதுவும் தெரியாததால் அந்த நியாயம் எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. கறிவேப்பிலையைப் பொறுக்கினேன், மிளகாயைப் பொறுக்கினேன், கடுகைப் பொறுக்கினேன். கடுகு பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து அப்பினேன். நல்லெண்ணெய் வழுக்கியது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துத் தட்டினேன். தொம் என்றது. அந்தத் தொம்முக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் கேட்டதில்லை.

கச்சேரி நன்றாகவே போயிற்று. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தொப்பியில் அப்பினது வழுக்கி இறங்கும், தண்ணீர் தொட்டு மேலே தள்ளுவேன். என் கைச் சூட்டில் உப்புமாவும் சூடேறியது. பெருங்காய வாசனை மெல்லக் கிளம்பியது. அண்ணா ஆலாபனையின் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே பார்த்தார். முன் வரிசையில் இரண்டு பேர் பக்கத்து வீட்டில் என்ன பலகாரம் என்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் வேறு எங்கும் பார்க்கவில்லை. தன் கைப் பெருங்காயம் அவளுக்குத் தெரியாதா? நேரே தொப்பியைப் பார்த்தாள். எனக்குத் தனி ஆவர்த்தனம் விட்டபோது நான் பயத்தை மறந்து கொஞ்சம் ஓங்கியே அடித்துவிட்டேன். ஓர் உளுத்தம்பருப்பு எழும்பி அண்ணாவின் சரிகை அங்கவஸ்திரத்தில் போய் உட்கார்ந்தது. அண்ணா அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாளம் போட்டார். அன்றைக்குத் தனிக்கு நல்ல கைதட்டல்.

முடிந்ததும் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். வாசனை எங்கேயிருந்து வந்தது என்றார். தொப்பியிலிருந்து, உப்புமா என்றேன். சாவடியிலிருந்து அடையாறு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தொப்பி நன்னாத்தான் பேசித்து. ஆனா பம்பாய் வரைக்கும் உப்புமா கிண்டிண்டு வர முடியாது. காலையில வண்டி சூடேறறதுக்குள்ளே ரவை இருந்தா ஏறு. இல்லேன்னா ரயிலுக்குக் காசு தரேன்."

தூக்கை வாங்கிப்போக வந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அண்ணா போன பிறகு, பெரியம்மா சீரைப் பற்றிச் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"உங்காத்து மனுஷா வந்து வாங்கிக்கட்டும்னா சொன்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காலித் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை என் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களின் சாமானை வண்டியில் ஏற்றினேன். டிரைவர் விசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கரி வண்டி சூடேறுவதற்கு ஒரு நேரம் உண்டு, அதைத் தாண்டியும் சுற்றினார். அண்ணா என்னவென்று கேட்டதற்கு, "கரி ஈரமா கீது சாமி" என்றார். அந்தக் கரியை வாங்கும்போது நானும் கூட இருந்தேன். அது எலும்பு மாதிரிக் காய்ந்த கரி. கேசரி வீண்போகவில்லை.

தெரு முனையில் ஒரு ஜட்கா திரும்பியது. அத்தை இறங்கினாள். ஒரு கையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்த தட்டு. மறு கையில் ஒரு பித்தளைத் தூக்கு. அது அவள் வீட்டுத் தூக்கு இல்லை. அதில் பெரியப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. நான் கை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், உறை போட்டு வைத்திருந்த மிருதங்கத்தின் முன்னால் தட்டையும் தூக்கையும் வைத்தாள்.

"உனக்கில்லை. அதுக்கு" என்றாள்.

தூக்கு நிறையப் பச்சை ரவை. அண்ணா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சீர் வந்தாச்சே. மாப்பிள்ளையை வண்டியில ஏத்துங்கோ" என்று மிருதங்கத்தைக் காட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றார். டிரைவர் விசிறியை விட்டார், வண்டி உடனே கிளம்பத் தயாராகிவிட்டது.

நான் அத்தை காலில் விழுந்தேன். எழுந்து, "நீங்களே போனேளா?" என்று கேட்டேன்.

"போனேன்."

"பெரியம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. காபி குடுத்தா."

இதற்குள் அண்ணா கூப்பிட்டுவிட்டார். பெங்களூர் வழியிலும் சாவடி இருந்தது. ஆனால் மஞ்சளும் வெற்றிலையுமாக அண்ணாவின் மடியில் இருந்த சீர்த் தட்டில் கை வைக்க அங்கே யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தூக்கு நிறைய இருந்த ரவை பூனா வரைக்கும் வந்தது. பம்பாயில் ரவைக்குப் பஞ்சமில்லை.

சில மாதம் கழித்துத் திரும்பி வரும்போது, காலித் தூக்கை அத்தையிடம் கொடுத்து, பெரியம்மா வீட்டில் சேர்த்துவிடச் சொன்னேன். வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று என்னைத் திட்டிவிட்டு, அதில் உப்புமாவைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். பெரியம்மாவும் வெறும் தூக்கை வைத்துக்கொள்கிறவளில்லை. உப்புமாவை எடுத்துக்கொண்டு கேசரியைப் போட்டு, அந்தத் தூக்கையே அத்தை கையில் கொடுத்தனுப்பினாள். அப்புறம் நான் மெட்ராஸ் போகும்போதெல்லாம் அந்தத் தூக்கு ஒரு தடவை மயிலாப்பூரில் இருக்கும், ஒரு தடவை தியாகராய நகரில் இருக்கும். யார் வீட்டில் இருந்தாலும் அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை அத்தை வீட்டுக்கு நான் போனபோது அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நானும் கூடவே நடந்தேன். மாம்பலத்துக்காரி கேசரியில் ஏலக்காயை வாரிக் கொட்டுகிறாள், கை அளவு தெரியவில்லை, ஏகாதசிக்கு அதைக் கொடுத்தனுப்பினால் என்ன செய்வது, சாப்பிட்டுத்தான் தொலைக்க வேண்டியிருக்கிறது என்று வழி நெடுகக் குறை சொன்னாள். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் நான் கேட்டேன், பெரியம்மா வீட்டில் காபி எப்படி என்று.

அத்தை தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சூடாத்தான் குடுக்கறா" என்றாள்.